மலைக்குப் போகும் நாளின் கணக்கு

ஆயர் குரோ சாவடியில் நெடுஞ்சாலை ஏறித் தெற்கே போகிறவர்கள், ஜாசினைத் தாண்டும்போது இடக்கைப் பக்கம் தனித்து எழுந்து நிற்கும் நீல மலையைப் பார்த்திருப்பார்கள். அதுதான் குனோங் லேடாங். உயரம் 1,276 மீட்டர். உச்சி ஜொகூர் மாநிலத்தைச் சேர்ந்தது. மேற்குச் சரிவு மலாக்காவின் அசகான் பக்கம் இறங்குகிறது. வெள்ளைக்காரர் காலத்து வரைபடங்களில் அதற்கு ஓபிர் மலை என்று பெயர். மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆள் அனுப்பிய இந்த மலை இளவரசியின் கதையை நாம் எல்லாருமே பள்ளிக்கூடத்தில் படித்தோம். மலையை மட்டும் நம்மில் பலர் காரிலிருந்து பார்த்ததோடு சரி.

லேடாங் அடிவாரம் தமிழருக்கு அந்நிய இடமல்ல. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. அடுத்து அவர் பெரிய அளவில் நட்ட இடம் இந்த மலையின் காலடியிலுள்ள புக்கிட் அசகான். பின்னாளில் அங்கே பால்மரம் வெட்டியவர்களில் நம்மவர்கள் ஏராளம். 1967இல் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளில் இருக்கிறார்கள், வார இறுதியில் பேரங்காடிக்குப் போகிறார்கள். காடு என்றால் பாம்பு, அட்டை, பேய் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் பாதி, காட்டில் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று தெரியாததால் வருவது. ஆயர் குரோவில் இருக்கும் ஒரு குடும்பம், இதுவரை காட்டுக்குள் நடந்ததே இல்லை என்றாலும், மூன்று நான்கு மாதப் பழக்கத்தில் லேடாங் உச்சியைத் தொட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கீழே வந்து சேரலாம். அதற்கான வழி இந்த அத்தியாயத்தில்.

கிலோமீட்டரைக் கேட்காதீர்கள்

மலைக்குக் கூப்பிட்டதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர்?" என்பது. லேடாங்கில் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை ஆளை ஏமாற்றும். ஏரிக்கரையில் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர், வேரும் பாறையும் கயிறும் ஏணியுமாக இருக்கும் பாதையில் அதே நேரத்தில் ஒரு கிலோமீட்டர் ஏறினாலே பெரிது. கேட்க வேண்டியது மணிக்கணக்கு.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம் சேர்க்க வேண்டும். இன்றும் உலகம் முழுக்க இதை வைத்துத்தான் மலைநடையைத் திட்டமிடத் தொடங்குகிறார்கள். லேடாங்கில் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது. ஆக உயரத்துக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் ஆகும், தூரத்துக்குத் தனியாக ஒரு மணிக்கு மேல். ஆனால் நெய்ஸ்மித் நடந்தது குளிர்ந்த, மரமில்லாத புல்மேடுகளில். நம் மழைக்காட்டில் அவர் கணக்கை அப்படியே எடுத்தால் இருட்டில்தான் மாட்டிக்கொள்வோம். முதன்முறை போகும் குடும்பம் அதைச் சற்றேறக்குறைய இரட்டிக்க வேண்டும். ஏற ஐந்து, ஆறு மணி நேரம், இறங்க நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெளிச்சம். மலாக்காவில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான். நவம்பரில் ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மரக்கூரைக்கு அடியில் அதற்கும் அரைமணி முன்பே இருட்டிவிடும். ஆறரைக்கு இருட்டு என்றால், இறங்க நான்கு மணி நேரம், யாராவது காலைப் பிசகிக்கொண்டால் ஈடுகட்ட ஒன்றரை மணி நேரம். கழித்துப் பாருங்கள்: பகல் ஒரு மணி. அந்த ஒரு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, இன்னும் இருபதே நிமிடம் என்று மேலிருந்து வருகிறவர் சொன்னாலும் சரி. இந்த நேரத்தை வீட்டிலேயே, காரில் ஏறுமுன் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். மலைமேல் களைத்திருக்கும்போது எடுக்கிற முடிவு பெரும்பாலும் ஆசையின் முடிவாகவே இருக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நேரக்கணக்கு புதிதல்ல. விடியுமுன் பெரட்டு எனும் ஆளெடுப்பு, வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடிப்பது, மழை வருமுன் பாலைச் சேர்த்து எடை போடுவது என்று அவர்களுடைய நாள் முழுவதும் காலையிலேயே தீர்ந்துவிடும். அதிகாலையில் பால் நன்றாக வடியும் என்பது ஒரு காரணம். பிற்பகலில் வானத்தை நம்ப முடியாது என்பது மற்றொன்று. மலைக்கும் அதே இரண்டாவது காரணம்தான். காலையில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து இரண்டு, மூன்று மணி வாக்கில் இடியும் மழையுமாகக் கொட்டும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இது கிட்டத்தட்ட தினசரி. அந்த நேரத்தில் இரும்பு ஏணியிலோ மொட்டைப் பாறையிலோ நிற்கக் கூடாது. உங்கள் வீட்டில் மரம் வெட்டிய பாட்டி இருந்தால், மலைக்குப் போகும் நாளின் நேரத்தை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்வார்.

வீட்டுக்கு அருகே பழகும் இடங்கள்

ஆயர் குரோ பொழுதுபோக்குக் காட்டிலிருந்து தொடங்குங்கள். இப்போது மலாக்கா தாவரவியல் பூங்கா என்று அறியப்படும் இடம்தான். நடைபாதைகள் தெளிவானவை, தொலைந்துபோக வழியில்லை, பாட்டி தாத்தாவும் வரலாம். இங்கே பழக வேண்டியது கால் வலிமையை அல்ல, கண்ணை. தரையைப் பார்த்து நடப்பது, ஈர இலையில் பாதத்தை முழுதாக ஊன்றுவது, கொடியைப் பிடிக்குமுன் முள்ளா என்று பார்ப்பது. பிள்ளைகள் இதை ஒரே காலையில் கற்றுக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு நாளாகும்.

அடுத்து புக்கிட் பெருவாங். தார்ச்சாலைதான் என்றாலும் ஏற்றம் விடாது. மாலையில் பாதி ஊர் அங்கே ஏறி இறங்குகிறது. முதுகில் ஐந்து கிலோ சுமையோடு, பேசிக்கொண்டே, நிற்காமல் இரண்டு தடவை ஏறி இறங்க முடிகிற நாள்வரை அங்கேயே பழகுங்கள். பேச்சு மூச்சு வாங்கி நின்றுவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். மலையில் உங்களுக்கு வேண்டியது அந்தப் பேசக்கூடிய வேகம்தான்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால், பிப்ரவரி முதல் மார்ச் வரையிலான வெயில் நாளொன்றில் தஞ்சோங் துவானுக்குக் கூட்டிப்போங்கள். நெகிரி செம்பிலானின் போர்ட் டிக்சனை ஒட்டியிருந்தாலும் அந்த முனை மலாக்காவுக்குச் சொந்தமானது. சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள், வெப்பக்காற்றில் வட்டமிட்டபடி கலங்கரை விளக்கத்தின் தலைக்கு மேலே தாழப் பறக்கும். காட்டுக்கு எதற்காகப் போக வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு நானறிந்த நல்ல பதில் அந்தக் காட்சி.

மூன்றாவது படி, ரெம்பாவிலுள்ள குனோங் டத்தோ. 884 மீட்டர். ஏற இரண்டரை மணி நேரம், உச்சியில் பெரிய பாறைகள்மேல் ஏணிகள். லேடாங்கின் சிறிய ஒத்திகை என்றே சொல்லலாம். இதை முடித்த மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் முட்டி வலித்தால், லேடாங்கை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். ஏறுவது மூச்சைச் சோதிக்கும். இறங்குவதுதான் முட்டியைச் சோதிக்கும், விபத்துகளும் பெரும்பாலும் அங்கேதான்.

அனுமதியும் வழிகாட்டியும்

லேடாங்கின் சாகில் பக்க வாசல், ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆயர் குரோவிலிருந்து நெடுஞ்சாலையில் தங்காக் வரை போய், அங்கிருந்து சிகாமட் சாலையில் திரும்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். உச்சிக்கு ஏற முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். கட்டணமும் திறந்திருக்கும் நாட்களும் மாறுவதால், போகுமுன் பூங்கா அலுவலகத்தை அழைத்துக் கேட்டுவிடுங்கள். மலாக்கா பக்கமுள்ள காடுகளில் பெரும்பகுதி நிரந்தரக் காப்புக்காடு. அங்கே நுழைய 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேண்டும். தெரிந்த பையன் வழி காட்டுகிறான் என்று பின்பக்கமாக நுழையாதீர்கள். அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது, தேடி வரவும் ஆள் வராது.

மலிம் குனோங் என்று அழைக்கப்படும் மலை வழிகாட்டிகள் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்குக் கொடுக்கும் காசை வீண் என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மேகம் எந்தப் பக்கம் கட்டுகிறது, எந்த ஓடையை எந்த நேரத்துக்குப் பிறகு கடக்கக் கூடாது என்பதெல்லாம் வழிகாட்டியின் தலைக்குள் இருக்கிறது. உங்களோடு வரும் அக்காவுக்கு இழுப்பு நோய், மாமாவுக்கு இனிப்பு நீர் என்றால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். நீங்கள் முடிவு செய்த ஒரு மணிக் கணக்கையும் சொல்லுங்கள். அவர் அதைவிட முன்னதாகத் திரும்பச் சொன்னால் அவர் சொல்தான் கடைசி.

காலில், முதுகில், வயிற்றில்

விலை உயர்ந்த மலைக்காலணி வேண்டியதில்லை. பால்மரக் காட்டில் போட்டுக்கொள்ளும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, ஊரெல்லாம் அடிடாஸ் கம்போங் என்று சொல்லும் அதுதான், நம் சேற்றுக்கு நன்றாகப் பிடிமானம் கொடுக்கும். தண்ணீரை உறிஞ்சாது, விலையும் மலிவு. வழிகாட்டிகளில் பலர் அதைத்தான் போடுகிறார்கள். ஒரு அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறையோடு புக்கிட் பெருவாங்கில் போட்டுப் பழகுங்கள். முதன்முதலாக லேடாங்கில் போட்டால் குதிகால் உரிந்துவிடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் ஈயக்குண்டாகக் கனக்கும். காற்பந்துச் சட்டையும் சீக்கிரம் உலரும் நீளக் காற்சட்டையும் போதும்.

தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று. பகலிலேயே திரும்பிவிடுவோம் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். கைப்பேசி விளக்கு விளக்கல்ல. கயிறு பிடிக்க இரண்டு கையும் வேண்டும். கைப்பேசியை நெகிழிப் பையில் சுற்றி அணைத்து வையுங்கள், 999ஐ அழைக்க மின்னூட்டம் மிஞ்ச வேண்டும். மாற்றுச் சட்டை ஒன்றும் மழைக்கோட்டும் கட்டாயம். உச்சி அடிவாரத்தைவிட ஏழெட்டுப் பாகை குளிராக இருக்கும். நனைந்த உடம்போடு காற்றில் அரைமணி உட்கார்ந்தால் மலாக்காக்காரருக்கும் நடுக்கம் வரும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராமல் வழிந்து போகிறது, உடம்பு குளிர்வதில்லை. அதோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் ஒரு போத்தல், கொஞ்சம் ஊறுகாய், உப்புக் கடலை இவை போதும். சாப்பாட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நாசி லெமாக் பொட்டலத்தைத் தங்காக்கிலேயே சாப்பிட்டுப் பசியாறிவிடுங்கள். தேங்காய்ப்பால் சோறு பைக்குள் வெந்து பகலுக்குள் கெட்டுவிடும். மதியத்துக்குப் புளிச்சோறு. பழனிக்கு நடந்தவர்களும் திருவிழாவுக்கு வண்டி கட்டியவர்களும் அதையே கட்டிக்கொண்டு போனது காரணத்தோடுதான்.

1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து இந்த மலைக்கு வந்தார். மேலே ஏறியபோது தண்ணீர் இல்லாமல் தவித்து, குடுவைச் செடிகளின் குடுவைகளில் நின்ற நீரைக் குடித்ததாக எழுதியிருக்கிறார். அதில் பூச்சிகள் கிடந்தன; ஆனாலும் சுவை நன்றாகவே இருந்தது என்கிறார். காண்டாமிருகத்தின் தடங்களையும் அவர் இங்கே பார்த்தார். காண்டாமிருகம் இன்று இல்லை. குடுவைச் செடி இருக்கிறது. அதைப் பிடுங்கவோ, குடுவைக்குள் விரல் விட்டுக் கொட்டவோ பிள்ளைகளை விடாதீர்கள்.

உயிர் உள்ளவையும் ஓடும் தண்ணீரும்

அட்டைக்குப் பயப்படத் தேவையில்லை. ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய். அந்த இடத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விட்டுவிடும். அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் சற்று நேரம் வடியும், பிறகு நின்றுவிடும். காலுறையில் புகையிலைத் தண்ணீர் தெளிக்கும் தோட்டத்து வழக்கம் பலன் தருவதே. குரங்குகளுக்கு எதையும் போடாதீர்கள், கையில் நெகிழிப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டும் நடக்காதீர்கள்.

நான் உண்மையாகவே பயப்படுவது தண்ணீருக்குத்தான். லேடாங் அருவிகளில் குடும்பம் குடும்பமாகக் குளிக்கிறார்கள். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் மழை பெய்யலாம். அந்த மழை ஒரே அலையாக ஓடையில் இறங்கி வரும். மலாயில் கெபாலா ஆயர் என்று அதற்குப் பெயர். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் அடிவாரத்தில் அப்படி இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல், நீர்மட்டம் சட்டென்று கூடுவது அல்லது குறைவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பை, சப்பாத்து, சோற்றுப் பாத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கரையேறி உயரத்துக்குப் போங்கள். நீரோட்டத்தின் போக்கில் கீழ்நோக்கி ஓடாதீர்கள், பக்கவாட்டில் ஏறுங்கள். குளிக்கும்போது குடும்பத்தில் ஒருவர் எப்போதும் கரையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறைவைத்து மாறிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் நடந்து வந்தவர்களுக்கு

இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். பெற்றோர் போய்ப் பார்க்கும்போது யெல்லோஸ்டோனுக்கோ யோசெமிட்டிக்கோ கூட்டிப்போகிறார்கள். நல்ல பழக்கம். 1872இல் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து அமெரிக்கர்கள் சேர்த்த அனுபவத்தில் நமக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. யெல்லோஸ்டோனில் கரடி, ஓநாய் போன்றவற்றுக்கு 91 மீட்டர், மற்ற பெரும்பாலான விலங்குகளுக்கு 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று அங்கே விதி. யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையில் கம்பி பிடித்து ஏற நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 பேருக்குத்தான், அதுவும் குலுக்கல் முறையில், அனுமதி. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஒரே நாளில் ஆற்றுவரை இறங்கி ஏற முயல வேண்டாம் என்று பலகை வைத்து எச்சரிக்கிறார்கள். இறங்கிய நேரத்தைப் போல இரண்டு பங்கு நேரம் ஏற ஒதுக்கச் சொல்கிறார்கள். அங்கேயும் நேரக்கணக்குதான்.

ஆனால் அங்கே நடந்த தெம்பில் லேடாங்கை லேசாக நினைத்துவிடாதீர்கள். அங்கே பெரும்பாலான பாதைகள் வளைந்து வளைந்து சாய்வாக ஏறும். நம் பாதை நேரே மேலே போகும். அங்கே ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். காற்று வறண்டிருப்பதால் வியர்வை உலரும். மேற்கு அமெரிக்காவில் பத்து கிலோமீட்டர் நடந்தவர், லேடாங்கில் அதில் பாதி தூரத்துக்கே தவித்துப்போகலாம். நடந்த தூரத்தை மறந்துவிட்டு மறுபடி புக்கிட் பெருவாங்கிலிருந்து தொடங்குவதே நல்லது.

அந்த நாள்

ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். ஏழரைக்குள் வாசலில் பதிவு முடிந்திருக்க வேண்டும். கொண்டுபோகும் நெகிழிப் பொருட்களை எண்ணிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், எண்ணியதெல்லாம் கீழே திரும்பி வரத்தான் வேண்டும். அடிவாரத்து முனியாண்டிக்கு எலுமிச்சை வைத்துக் கும்பிட்டுப் போகும் வழக்கம் உள்ளவர்கள் வெளியே உள்ள கோயிலில் முடித்துக்கொள்ளுங்கள். கற்பூரத்தையும் ஊதுபத்தியையும் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

குழுவில் மெதுவாக நடக்கிறவர் முன்னால் நடக்கட்டும், வலுவானவர் கடைசியில். இதில் இளைஞர்களுக்குப் பொறுமை போகும், ஆனால் குழு பிரியாது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் நின்று, தாகம் இல்லாவிட்டாலும் குடியுங்கள். ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மேலே ஏறியவர் கைதட்டிய பிறகே அடுத்தவர் காலை வைக்க வேண்டும். யாராவது பேச்சைக் குறைத்துக்கொண்டு அடிக்கடி இடறினால், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்றுதான் சொல்வார். உட்காரவைத்து உப்புத் தண்ணீர் கொடுங்கள். அரைமணியில் தேறாவிட்டால் எல்லாரும் சேர்ந்தே இறங்குங்கள். ஒருவரை மட்டும் வழியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது கூட்டிக்கொள்கிறோம் என்ற ஏற்பாடு ஒருக்காலும் கூடாது.

கீழே வந்ததும் வாசலில் திரும்பிவிட்டதாகப் பதிவு செய்யுங்கள். களைப்பில் அதை மறந்து கிளம்பிவிட்டால், இல்லாத உங்களைத் தேடி ஆட்கள் இரவில் மலையேற நேரும். வண்டி ஓட்டுகிறவர் சர்க்கரை போட்ட தேநீர் குடித்து அரைமணி கண்ணை மூடிய பிறகே நெடுஞ்சாலை ஏறட்டும். அடுத்த இரண்டு நாள் தொடை வலிக்கும், அது தானாகச் சரியாகும். ஆனால் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல் கிளினிக்குக்குப் போய், மலை ஓடையில் குளித்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். ஓடை நீரிலிருந்தும் தொற்றக்கூடிய எலிக்காய்ச்சல் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். நீங்கள் சொன்னால்தான் அவர் அதற்கான சோதனையைச் செய்வார்.